பண்டத்தரிப்பு வைத்தியரும் பிள்ளைகளின் சில்லறைக் காசும்

வேலூர் ஆஸ்பத்திரியைத் தெரியாத யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் குறைவு. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் பாட்டனார் எங்கள் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஜோன் ஸ்கடர் 1793இல் அமெரிக்காவின் நியூஜேர்சியில் பிறந்தார். நியூயோர்க்கில் நல்ல வருமானத்தோடு தொழில் செய்துகொண்டிருந்த வைத்தியர். நோயாளி ஒருவரின் வீட்டில் கிடந்த மிசனரிப் பிரசுரம் ஒன்றைப் படித்துவிட்டு, 1819 யூனில் மனைவி ஹரியட்டுடனும் கைக்குழந்தையுடனும் கப்பலேறினார். கல்கத்தாவுக்கு வந்த இடத்தில் அந்தக் குழந்தை இறந்துபோனது. அவர்கள் திரும்பிப் போகவில்லை. 1820இல் பண்டத்தரிப்பில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். அமெரிக்கா வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் வைத்திய மிசனரி அவர்தான்.

மருந்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காசு எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி அமெரிக்கத் தேவாலயங்களில் பிள்ளைகள் போட்ட காணிக்கை. பிள்ளையின் மனதைப் பிடித்தால் சபை பின்னால் வரும் என்று ஸ்கடர் நம்பினார். இங்கிருந்தே ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கடிதங்கள் எழுதினார். அவை அங்கே அச்சாகின. 1836இல் அவர் சென்னைக்கு மாறினார். 1842இல் உடல்நலம் கெட்டு அமெரிக்கா போனபோதும் ஓய்ந்திருக்கவில்லை. 1846 வரை ஊர் ஊராகப் போய் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் பேசியதாக அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இனிப்புக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் போகிற சதத்தை மிச்சம் பிடிக்கச் சொன்னார். தைத்தும் தோட்டம் செய்தும் சம்பாதித்துக் கொடுக்கச் சொன்னார்.

அந்தப் பிள்ளைகளுக்கு அவர் காட்டிய தமிழர் யார் என்பதுதான் எனக்கு உறுத்துகிற இடம். இருளில் கிடக்கிற சனம், கல்லைக் கும்பிடுகிற சனம், பரிதாபத்துக்குரிய பிள்ளைகள். கோயிலும் தமிழ்ப் புலமையும் திண்ணைப் பள்ளியும் இருந்த ஊர் அந்தப் படத்துக்குள் வரவில்லை. வந்திருந்தால் உண்டியல் நிரம்பியிருக்குமா தெரியாது. முகாமில் வரிசையில் நின்ற எங்கள் பிள்ளைகளின் படம் யாரோ ஒருவரின் நிதி சேகரிப்புத் துண்டுப்பிரசுரத்தில் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த உறுத்தலை விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் காசில் சோறும் படிப்பும் மருந்தும் கிடைத்தன என்பதும் பொய்யில்லை.

விடுதிப் பிள்ளைகள் சிலருக்குப் பணம் கொடுத்த அமெரிக்கர் விரும்பிய பெயரையே வைத்தார்கள். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்ற பெயர்களில் அந்த வழக்கத்தின் தடம் இருக்கிறது. இவர்களில் விசுவநாதபிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். பரிதாபப் படத்துக்குள் அடங்காத ஆட்கள் இவர்கள்.

ஸ்கடர் 1855 யனவரியில் தென்னாபிரிக்காவின் வைன்பேர்க்கில் இறந்தார். பிள்ளைகளில் ஏழு ஆண்மக்கள் இந்தியாவில் மிசனரிகளானார்கள்.

அதற்கு முன்பே இங்கே ஒரு மாற்றம் தொடங்கியிருந்தது. 1847இல் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்று ஒரு சுவிசேஷ சங்கத்தை அமைத்தார்கள். அமெரிக்கக் காசுக்குக் காத்திராமல், தங்கள் காணிக்கையைச் சேர்த்து நெடுந்தீவு போன்ற தீவுகளில் ஊழியம் நடத்தினார்கள்.