மகப்பேறு திட்டத்துக்குப் பெயரான முத்துலட்சுமி ரெட்டி: அவர் எழுப்பிய கேள்வி ஐ.நா. வரை போனது எப்படி?

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைக்கு வர்ணம் அடிக்கும் பெண்ணாக இருக்கட்டும், வயல் வேலைக்குப் போகிறவராக இருக்கட்டும். கர்ப்பம் உறுதியானதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து பிக்மி எண் வாங்குவார்கள். அடுத்து நிரப்பும் விண்ணப்பத்தில் ஒரு பெயர் இருக்கும்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி இது.

பெயர் எல்லாருக்கும் தெரியும். ஆனா, யார் இவர்? பெண்கள் உரிமை பற்றிய சர்வதேச சட்டத்துக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

யார் இந்த முத்துலட்சுமி?

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது ஊரே எதிர்த்தது. புதுக்கோட்டை மன்னர் அனுமதி கொடுத்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் மருத்துவர் ஆனார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்தார்.

சட்டமன்றத்துக்குள் எப்படி வந்தார்?

மேல்படிப்புக்காக இங்கிலாந்து போயிருந்த சமயம், 1926-ல் பாரிஸில் நடந்த சர்வதேசப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டில் கலந்துகொண்டார். ஊர் திரும்பியதும் சென்னை மாகாண சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். 1927-ல் அதன் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்வானார். இந்தியாவில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

பதவியை அலங்காரமாக வைத்துக்கொள்ளவில்லை. பெண்ணின் திருமண வயதை 16 ஆகவும், ஆணின் வயதை 21 ஆகவும் உயர்த்தக் கேட்டு 1928-ல் தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு வந்த சாரதா சட்டமோ பெண்ணுக்கு 14 என்பதோடு நின்றுவிட்டது.

பெரிய சண்டை எது?

சின்னப் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிப்பதுதான். எதிர்த்தவர்களின் முக்கிய வாதம், மத விஷயத்தில் சட்டம் தலையிடலாமா என்பது. கோயில் கலையே அழிந்துவிடும் என்றார்கள். தேவதாசிகளிலேயே ஒரு பகுதியினர் தங்கள் வாழ்வாதாரம் போய்விடும் என்று மனு கொடுத்தார்கள்.

அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. கோயில் சேவைக்காக அவர்கள் அனுபவித்த மானிய நிலம், சேவையை விட்டால் கையை விட்டுப் போய்விடும். அதனால் முதலில் நிலப் பிரச்சினைக்கு வழி செய்தார் முத்துலட்சுமி. சேவை செய்யாவிட்டாலும் நிலம் அவர்களுக்கே என்று 1929-ல் சட்டத் திருத்தம் வந்தது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை அடுத்துக் கொண்டுவந்தார். ஆனால் 1930-ல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டார். தடைச் சட்டம் நிறைவேற 1947 வரை ஆனது.

அதுவரை சும்மா இருந்தாரா? இல்லை. அந்த வாழ்க்கையிலிருந்து வெளியே வந்த பெண்களுக்கு விடுதிகளில் இடம் கிடைக்காதபோது, 1930-ல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

ஐ.நா.வோடு என்ன தொடர்பு?

1933-ல் ராஜ்குமாரி அம்ரித் கௌர், பேகம் ஹமீத் அலி ஆகியோருடன் லண்டனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கூட்டுக் குழு முன் சாட்சியம் அளித்தார். தனி இடஒதுக்கீடு வேண்டாம், வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை வேண்டும் என்பதே மூவரின் நிலை. கிடைத்ததோ வேறு: 1935 சட்டம் இடஒதுக்கீட்டைத் தந்தது, எல்லாருக்கும் வாக்கு தரவில்லை.

அந்த மூவரில் ஒருவரான பேகம் ஹமீத் அலி, 1947-ல் முதல்முறை கூடிய ஐ.நா. பெண்கள் நிலை ஆணையத்தில் இந்தியாவின் பிரதிநிதி. அந்த ஆணையம் உருவாக்கிய வரைவுதான் பின்னாளில் 'சீடா' ஆனது. பெண்களுக்கு எதிரான எல்லாவிதப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் இந்த ஒப்பந்தத்தை ஐ.நா. பொதுச்சபை 1979-ல் ஏற்றது. வாக்குரிமை, பெண்களைக் கடத்துவதைத் தடுப்பது, குழந்தைத் திருமணம், மகப்பேறு நலன் எல்லாம் அதில் இருக்கின்றன. முத்துலட்சுமி இங்கே ஒவ்வொன்றாகப் போராடிய விஷயங்கள்தான் இவை.

அப்போ, அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதா?

இந்தியா 1993-ல் சீடாவை ஏற்றது. ஆனால் ஒரு அறிவிப்பையும் சேர்த்தது: எந்தச் சமூகமும் தானாக முன்வந்து சம்மதிக்காமல், அதன் தனிப்பட்ட விவகாரங்களில் தலையிடுவதில்லை என்ற கொள்கைக்கு உட்பட்டே பண்பாடு, திருமணம் தொடர்பான பிரிவுகளை நிறைவேற்றுவோம் என்று. எல்லாத் திருமணங்களையும் கட்டாயமாகப் பதிவு செய்வது நடைமுறையில் கடினம் என்றும் சொன்னது.

சென்னை சட்டமன்றத்தில் முத்துலட்சுமி எதிர்கொண்ட அதே கேள்விதான், 60 ஆண்டுகள் கழித்து ஐ.நா. ஆவணத்திலும் ஏறியது. சமூகத்தின் சம்மதம் என்றால் அதில் யாருடைய சம்மதம்? பொட்டுக்கட்டப்படும் சிறுமியை யாராவது கேட்டார்களா? தேவதாசி மரபில் வந்த தாயின் மகளாக அவர் அந்தச் சிறுமியின் பக்கம் நின்றார். அதே சமயம், பெரியவர்களின் நிலத்தையும் காப்பாற்றிக் கொடுத்தார்.

தங்கை புற்றுநோயில் இறந்த வேதனையில் முயன்று, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமானவரும் இவரே. 1956-ல் பத்மபூஷண் பெற்றார். 1968-ல் மறைந்தார்.

இன்னொரு விஷயம். அவர் பெயரிலான மகப்பேறு உதவியைப் பெற, தாய்க்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். விருத்தாசலத்தில் அந்த விண்ணப்பத்தை நிரப்பும் பெண் தன் வயதை எழுதும் இடத்தில், 1928-ல் முத்துலட்சுமி கொண்டுவந்த தீர்மானம் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.