அச்சத்தை மறைக்காத துறவி – அருள்தந்தை பீட் கிரிஃபித்ஸ்



நமது புதுவையில் மேட்டுப்பாளையம் என்றவுடன் தொழிற்பேட்டையும் சரக்கு லாரிகள் வரிசையாக நிற்கும் இடமும்தான் நினைவுக்கு வரும். (நீலகிரி மலை இரயில் புறப்படும் மேட்டுப்பாளையம் வேறு. வெளியூர் உறவினர்கள் இன்னமும் குழம்பிப் போகிறார்கள்.) ஷிப்ட் வேலை, நேரந்தவறிய உணவும் உறக்கமும், பல நாள் பார்க்காமல் விட்ட இரத்த அழுத்தம் என்று வாழ்கிறவர்கள் நம்மிடையே பலர். அவர்களில் ஒருவருக்கு லேசான பக்கவாதம் வந்தால் என்ன நடக்கிறது? கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் வெகு தொலைவில் இல்லை. உடனே கொண்டு சேர்த்தால் சில நாட்களில் நடந்தே வீடு திரும்புகிறார். உறவினர்கள் பார்க்க வருகிறார்கள். கை கால் விளங்குகிறதே, வாய் கோணவில்லையே, கடவுள் காப்பாற்றினார் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அதன் பிறகு வரும் இரவுகளை யாரும் கேட்பதில்லை. மறுபடியும் வந்துவிடுமோ என்ற பயம். தனியாகக் குளியலறைக்குப் போகக்கூட ஒரு தயக்கம். காரணமில்லாமல் வரும் அழுகை. வீட்டில் உள்ளவர்களோ, நன்றாகத்தானே இருக்கிறீர்கள், பின் எதற்கு இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிடுகிறார்கள்.

இந்த நிலையைத் தாமே கடந்து வந்து, அதை வெட்கப்படாமல் பிறருக்கு எடுத்துச் சொன்ன ஒரு துறவியின் வாழ்வை இன்று நாம் நினைத்துப் பார்ப்போம். அவர் பிறந்தது இங்கிலாந்தில். வாழ்ந்து முடித்தது நம் காவிரிக் கரையில்.

ஆலன் ரிச்சர்ட் கிரிஃபித்ஸ் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 17 அன்று தேம்ஸ் நதிக்கரையில் உள்ள வால்டன் என்ற ஊரில், நான்கு பிள்ளைகளில் இளையவராகப் பிறந்தார். தந்தையின் தொழில் நொடிந்தது. குடும்பம் வசதியை இழந்து சிறிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. உதவித்தொகை பெற்றுப் படித்த ஆலன், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் மாக்டலன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ். இருவருமே அப்போது நம்பிக்கையின் விளிம்பில் நின்று தேடிக் கொண்டிருந்தவர்கள். அந்த நட்பு லூயிஸ் இறக்கும் வரை நீடித்தது.

1930இல் ஆலனும் இரு நண்பர்களும் ஒரு கிராமத்துக் குடிசையில் குடியேறி, இயந்திர நாகரிகத்தை ஒதுக்கிவிட்டு, மாடு கறந்து, விவிலியம் வாசித்து வாழ்ந்து பார்த்தனர். அந்தச் சோதனை ஓராண்டுகூட நிலைக்கவில்லை. ஆனால் செபிக்கும் பழக்கம் அவரிடம் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். குருவாகும் எண்ணத்தோடு அவர் இலண்டனின் ஏழைகள் வாழ்ந்த பெத்னல் கிரீன் பகுதிக்குப் போய்த் தங்கினார். அங்கே அவரை ஒரு பெரும் கலக்கம் பிடித்துக் கொண்டது. உண்ணாமல் இருந்தார். உறக்கம் போயிற்று. புத்தி பேதலித்துவிடுமோ என்றே அஞ்சினார். அறிவால் எதையும் தீர்த்துவிடலாம் என்று நம்பியிருந்த இளைஞருக்குத் தம் மனமே தம் பிடியில் இல்லை என்பது பேரிடியாக இருந்தது. ஓர் இரவு முழுவதும் விழித்துச் செபித்தார். பின்னர் ஒரு தியானத்தில் கலந்துகொண்டு, பாவங்களை அறிக்கையிட்டு, கண்ணீர் விட்டு அழுதபோதுதான் பாரம் இறங்கியது. 1954இல் வெளியான தம் தன்வரலாற்றில் இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். புனிதர்களைப் போல வாழ்ந்தவர்களின் வரலாற்றில் இந்தப் பக்கங்களை நாம் பல நேரம் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். அவர் அப்படிச் செய்யவில்லை.

1931ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின நாள் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். பிரிங்க்நாஷ் என்ற பெனடிக்ட் சபை மடத்தில் சேர்ந்து பீட் என்ற பெயரைப் பெற்றார். 1940இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1955இல் இந்தியா வந்தார். தம் ஆன்மாவின் மறுபாதியைத் தேடிப் போவதாகப் புறப்படும் முன் நண்பருக்கு எழுதினார். மேல்நாட்டு மனிதராகத் தாம் அறிவின் பக்கத்தையே அதிகம் வளர்த்துவிட்டதாகவும், உள்ளுணர்வின் பக்கம் வளராமலே நின்றுவிட்டதாகவும் அவர் கருதினார். அந்த மறுபாதி கிடைக்க இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகும் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

பெங்களூருக்கு அருகே சில காலம் இருந்துவிட்டு, 1958இல் பெல்ஜியம் நாட்டுத் துறவி அருள்தந்தை பிரான்சிஸ் ஆச்சார்யாவோடு சேர்ந்து கேரள மலைகளில் குரிசுமலை ஆசிரமத்தைத் தொடங்கினார். பத்தாண்டுகள் கழித்து, 1968இல், குளித்தலையை அடுத்த தண்ணீர்பள்ளி சாந்திவனத்துக்கு வந்து சேர்ந்தார். அருள்தந்தையர் ஜூல்ஸ் மொன்ஷனேன், ஹென்றி லெ சோ ஆகிய இரு பிரெஞ்சுக் குருக்கள் 1950இல் அங்கே சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவியிருந்தார்கள். முன்னவர் 1957இல் இறந்துவிட்டார். பின்னவர் இமயமலைப் பக்கம் போய்விட்டார். ஆளில்லாமல் போகவிருந்த ஆசிரமத்தை அருள்தந்தை பீட் எடுத்து நிமிர்த்தினார். காவி உடை, தரையில் அமர்ந்து திருப்பலி, சைவ உணவு, கீற்றுக் குடிசை. தயானந்தா என்ற பெயரும் அவருக்கு இருந்தது. அவருடைய வழிபாட்டு முறைகளைக் கடுமையாக எதிர்த்தவர்களும் உண்டு. அந்த வாதம் இன்றும் முடியவில்லை. நாம் இங்கே அதற்குள் போகப் போவதில்லை.

எண்பது வயதைத் தாண்டிய பிறகும் அவர் எழுதினார், பயணம் செய்தார், தேடி வந்தவர்களுக்கெல்லாம் நேரம் ஒதுக்கினார். ஆனாலும் உள்ளுக்குள் தாம் தள்ளியே நிற்கும் மனிதர் என்பதை அறிந்திருந்தார். எல்லோரிடமும் கனிவாகப் பேசினார், யாரிடமும் சாய்ந்துகொள்ளவில்லை. நம் குடும்பத் தலைவர்கள் பலருக்கும் பொருந்துகிற வருணனைதான் இது.

1990ஆம் ஆண்டு ஜனவரி 25. புனித பவுல் மனமாற்றத் திருநாள். அதிகாலை ஆறு மணியளவில், வழக்கம்போல் தம் குடிசைத் திண்ணையில் அமர்ந்து தியானித்துக் கொண்டிருந்தார். முன்னறிவிப்பு எதுவும் இல்லை. சம்மட்டியால் தலையில் அடித்ததுபோல் ஏதோ ஒன்று தாக்கியது. கண்ணுக்கு முன் எல்லாம் தெளிவில்லாத தொலைக்காட்சித் திரைபோல் கலங்கியது. இடப்பக்கமிருந்து ஒரு விசை நாற்காலியிலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. மிகவும் பயந்துபோனதாகப் பின்னாளில் அவரே சொன்னார். எப்படியோ படுக்கை வரை போய்ச் சேர்ந்தார். சற்று நேரம் கழித்து ஆசிரமச் சகோதரர் ஒருவர் வந்து பார்த்தபோது மூச்சு வாங்கக் கிடந்தார். அடுத்த ஒரு வாரம் அவர் பேசவில்லை. அந்த வாரத்தைப் பற்றி அவருக்கு நினைவும் இல்லை.

கை கால் நிரந்தரமாக முடங்கவில்லை. மருத்துவக் கணக்கில் அது சிறிய பக்கவாதம்தான். உண்மையான போராட்டம் நினைவு தெளிந்த பிறகே வந்தது. ஓர் இரவு ஒரு மணியளவில் விழித்துக் கொண்டார். தாம் சாகப் போவது உறுதி என்று தோன்றியது. சுற்றியிருந்தவர்களும் அப்படியே நினைத்தார்கள். இறக்கும் வேளைக்குரிய செபங்களைச் சொன்னார். வானதூதர்களை அழைத்தார். பிறகு காத்திருந்தார். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். சாவு வரவில்லை. பயமும் போகவில்லை. இரவு ஒரு மணிக்கு விழித்துக் கிடந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டது என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சகோதரர் வந்து அவர் உடலைத் தேய்த்துப் பிடித்துவிட்டார். சற்றே இளகியது. அதன் பின்னர், எதிர்பாராத ஒரு தூண்டுதல் அவர் உள்ளத்தில் எழுந்தது. தாயிடம் உன்னை ஒப்படைத்துவிடு என்பது போன்ற ஓர் உணர்வு. எந்தத் தாய் என்று அவர் ஆராயவில்லை. அன்னை மரியா நினைவுக்கு வந்தார். தாங்குகிற மண்ணும் நினைவுக்கு வந்தது. கறுப்பு நிற மாதா உருவங்களைப் பற்றியும் பின்னர் பேசினார். ஒப்படைத்தார். அலை அலையாக அன்பு தம்மை மூழ்கடிப்பதாக உணர்ந்து, அருகில் விழித்திருந்த தோழியைக் கூப்பிட்டுச் சொன்னார். தாங்க முடியாத அளவுக்கு அது இருந்தது.

இரு செய்திகளை இதில் நாம் தவறவிடக் கூடாது. முதலாவது, அந்த அனுபவம் தனிமையில் வரவில்லை. உடல் பிடித்துவிட ஒரு கை இருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இருந்தது. இரவு பகலாக நண்பர்கள் முறை வைத்து உடன் இருந்தார்கள். இரண்டாவது, சிலுவையைப் பற்றி அவர் புதிதாகப் புரிந்துகொண்டது. தந்தையே கைவிட்டதாக இயேசு உணர்ந்த அந்த வேளையை அவர் அடிக்கடி எடுத்துப் பேசினார். கடவுளைப் பற்றிய தம் உணர்வைக்கூட இழந்து நின்ற இடத்தில்தான் இயேசு முழுமையாகத் தம்மைக் கையளித்தார் என்றார். எனவே இருளும் கடவுளுக்கு வெளியே இல்லை. பக்கவாதம் வந்தபின் மனம் சோர்ந்தவரிடம் உங்கள் விசுவாசம் குறைவு என்று சொல்லத் துணிகிறவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

இன்றைய மருத்துவமும் ஒன்று சொல்கிறது. பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. நான்கைந்து பேரில் ஒருவரைப் பதற்றம் பிடிக்கிறது. பாதிப்பு சிறியது என்பதால் மனம் தப்பிவிடும் என்று சொல்ல முடியாது. மூளையில் ஏற்பட்ட காயமும் இதற்கு ஒரு காரணம் என்பதால், மன உறுதி போதாமல் வந்தது என்று பழி சொல்வது நியாயமில்லை. சம்பந்தமில்லாத இடத்தில் பொங்கி வரும் அழுகையும் நோயின் ஒரு கூறாக இருக்கலாம். மருத்துவர்கள் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். கடந்த இரண்டு வாரங்களில் உறக்கம், பசி, ஆர்வம், களைப்பு, சாக வேண்டும் என்ற எண்ணம் முதலானவை எத்தனை நாள் இருந்தன என்று கேட்டு 27 வரை மதிப்பெண் போடுவார்கள். 10ஐத் தொட்டால் மேற்கொண்டு கவனிப்பார்கள். இரத்த அழுத்தத்தை எழுதி வைக்கும் அதே நோட்டில், இன்று எப்படித் தூங்கினார், எதற்குப் பயந்தார் என்று ஒரு வரி எழுதி வைத்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. பேசத் தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. 2022 முதல் செயல்படும் அந்த அரசுச் சேவையில் தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்ற பேச்சு வந்துவிட்டால் நோட்டோடு நிற்காமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

அருள்தந்தை பீட் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, அவர் மாறிவிட்டதை உடனிருந்தவர்கள் கண்டார்கள். எளிதில் கண் கலங்கினார். அன்பு காட்டுவதிலும் பெறுவதிலும் பழைய கூச்சம் இல்லை. இவ்வளவு காலம் தம் மூளையின் ஒரு பக்கத்தோடு மட்டும் வாழ்ந்துவிட்டதாகவும், அந்த அடி அதை வீழ்த்தி மறுபக்கத்தைத் திறந்துவிட்டதாகவும் அவர் சொல்வதுண்டு. நரம்பியல் மருத்துவர்கள் இதை அப்படியே ஏற்க மாட்டார்கள். ஆனால் அவர் சொல்ல வந்தது விளங்குகிறது. 1955இல் தேடிப் புறப்பட்ட மறுபாதி, நூல்களிலோ தியானத்திலோ கிடைக்காமல், எழுந்திருக்க முடியாத படுக்கையில் கிடைத்தது.

84ஆம் வயதில், 1991இல், அமெரிக்காவின் நியூ ஹார்மனியில் கிறித்தவத் தியானம் பற்றிய கருத்தரங்கில் உரைகள் ஆற்றினார். 1992இல் ஆஸ்திரேலியா சென்று தலாய் லாமாவைச் சந்தித்தார். போன இடங்களிலெல்லாம் பக்கவாதத்தின் கதையைச் சொன்னார். வெற்றிக் கதையாக மட்டும் சொல்லவில்லை. அடிபட்டது, பயந்தது, சாவுக்காகக் காத்திருந்தது எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னார்.

1992 டிசம்பரில் ஆஸ்திரேலியப் படக்குழு ஒன்று சாந்திவனத்துக்கு வந்து அவர் வாழ்வைப் படமாக்கியது. 86ஆவது பிறந்த நாள் அப்போதுதான் கழிந்திருந்தது. குழுவினர் பணியை முடித்த சில நாட்களிலேயே மீண்டும் பக்கவாதம் தாக்கியது. இம்முறை அது சிறியதல்ல. அடுத்த வாரங்களில் உடல் மேலும் தளர்ந்தது. அனுபவம் பெற்றவர் என்பதால் கடைசி மாதங்கள் எளிதாக இருந்தன என்று எழுத நமக்கு மனம் வரவில்லை. ஐந்து மாதங்கள் பிறர் கைகளிலேயே இருந்தார். முறை வைத்து உடனிருந்தவர்கள் இப்போதும் இருந்தார்கள்.

1993 மே 13 அன்று தம் குடிசையில் அவர் உயிர் பிரிந்தது. சாந்திவனத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். திருச்சியிலிருந்து கரூர் செல்லும் இரயிலில் குளித்தலையில் இறங்கினால் அந்தக் கல்லறைக்குப் போய் வரலாம்.