திருநாவுக்கரசு நாயனாரும் அவர் தமக்கையாரும்

சமயகுரவர் நால்வருள் ஒருவராகிய திருநாவுக்கரசு நாயனாருடைய சரித்திரத்தை நம் சைவ வித்தியாசாலைகளிற் பயிலும் பிள்ளைகள் எல்லோரும் அறிவர். நீற்றறையையும், நஞ்சையும், மதயானையையும், கல்லோடு பிணித்துக் கடலில் இட்டமையையும் அவர்கள் தடையின்றி ஒப்புவிப்பர். ஆயின், அவ்வற்புதங்களுக்கெல்லாம் முன்னே, ஓரிரவிலே, ஒரு சிறு மடத்தின் வாயிலிலே நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதனை நாம் வகுப்பிலே இரண்டொரு வாக்கியத்திற் சொல்லிக் கடந்துவிடுகின்றோம். ஒருவன் தான் பிறந்த வீட்டின் நெறியை விட்டுக் கடுங்கட்டுப்பாடுடைய வேறொரு கூட்டத்திற் புகுந்து, பல ஆண்டு கழித்து அதனையும் விட்டு வரும்போது, வீட்டிலே பத்தியோடு இருப்பவர் அவனை எவ்வாறு ஏற்றல் வேண்டும், அவன் அவர் முன்னே எவ்வாறு வந்து நிற்றல் வேண்டும் என்பவற்றை அந்நிகழ்ச்சி கற்பிக்கின்றது. ஆகலின் அதனையே இங்கு விரித்துக் கூறப் புகுகின்றோம். 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் சுவாமிகள் அருளிச்செய்த பெரியபுராணமே இதற்கு நமக்கு ஆதாரம்.

நாயனார் அவதரித்தது திருமுனைப்பாடி நாட்டிலுள்ள திருவாமூரிலே. வேளாண் மரபிலே குறுக்கையர் குடியில் வந்த புகழனாரும் மாதினியாரும் அவருக்குத் தந்தை தாயர். மூத்தவர் திலகவதியார். அவருக்குப்பின் சில ஆண்டு கழித்துப் பிறந்த ஆண்மகவுக்கு மருணீக்கியார் என்று பெயரிட்டனர். மருளை நீக்குபவர் என்பது அப்பெயரின் பொருள். திலகவதியாருக்கு 12 வயதாகும்போது, கலிப்பகையார் என்னும் சேனைத்தலைவருக்கு அவரை மணம் பேசி இசைந்தனர். மணம் நிகழுமுன்னே கலிப்பகையார் அரசன் ஏவலால் வடபுலத்துப் போருக்குச் சென்றார். அவர் மீளுமுன்னே புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் கணவரைத் தொடர்ந்து உயிர்நீத்தார். அத்துயர் ஆறுமுன்னே, கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்டார் என்னும் செய்தி வந்தது.

பெற்றோர் தம்மை அவருக்குக் கொடுக்க இசைந்தமையால் தம்முயிரும் அவருக்கே உரியது என்று துணிந்து, திலகவதியார் இறத்தற்கு உறுதி செய்தார். அப்பொழுது இளையவராகிய மருணீக்கியார் தமக்கையாருடைய பாதங்களில் விழுந்து அழுதார். தாய் தந்தையர் போனபின்னும் தாம் உயிரோடிருப்பது தமக்கையாரைக் காண்பதனாலேயே என்றும், அவரும் தம்மை விட்டுப் போவாராயின் அவருக்கு முன்னே தாம் இறப்பது திண்ணம் என்றும் சொன்னார். தம்பி உயிர் வாழல் வேண்டும் என்னும் ஒன்றற்காகவே திலகவதியார் தம்முயிரைத் தாங்கினார். பொன்னும் மணியும் பூணாது, எவ்வுயிர்க்கும் அருள்செய்து, இல்லத்திலேயே தவம் புரிந்து வாழ்ந்தார். இதனை ஆசிரியர்கள் மனத்திலே நன்கு பதித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் நிகழ்வதன் வலி எத்துணையது என்பது இதனை அறிந்தவருக்கே புலனாகும்.

மருணீக்கியார் வளர்ந்தார். செல்வமும் யாக்கையும் நிலையாமையைத் தம் வீட்டிலேயே கண்டவராதலின், பொருளைத் தருமத்திற் செலவிட்டார். தண்ணீர்ப்பந்தர் வைத்தார், சோலைகள் வளர்த்தார், குளங்கள் தொட்டார், விருந்தினரையும் புலவரையும் புரந்தார். இவற்றாலும் அவர் மனம் அமைதி பெறவில்லை. மெய்ந்நெறி யாது என்று ஆராயப் புகுந்து, பாடலிபுத்திரம் என்று அக்காலத்து வழங்கிய ஊரிலிருந்த சமணப் பள்ளியை அடைந்தார். அது இக்காலத்துக் கடலூர் நகரிலுள்ள திருப்பாதிரிப்புலியூராம்.

அப்பள்ளியை எளிதாக எண்ணலாகாது. அது பழமையான கல்வி நிலையம். லோகவிபாகம் என்னும் சமண நூல் கி.பி. 458இல் அவ்வூரிலே எழுதப்பட்டமை ஆராய்ச்சியாளரால் அறியப்பட்டுள்ளது. சமணர் தமிழுக்குச் செய்த தொண்டும் பெரிது. அவர்தம் துறவொழுக்கமோ மிகக் கடியது. தலைமயிரைப் பறித்தல், நின்றபடியே உண்ணல், பாயுடுத்தல், மயிற்பீலி ஏந்தல், உறியிலே குண்டிகை தூக்கிச் செல்லல் என்னும் இவை அவர்தம் வழக்கங்கள். மருணீக்கியார் அவர்தம் நூல்களை யெல்லாம் முற்றக் கற்று, தருமசேனர் என்னும் பட்டம் பெற்று, புத்தரை வாதில் வென்று, அவர்களுக்குத் தலைவராய் விளங்கினார். வறுமையினாலோ அச்சத்தினாலோ பதவி ஆசையினாலோ அவர் அந்நெறியிற் புகுந்தாரல்லர். மெய்ப்பொருளைத் தேடியே புகுந்தார். பிறநெறி புகுந்த பிள்ளையைக் குறித்து நாம் பேசும்போது இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

இனித் திலகவதியாருடைய நிலையைச் சிந்திப்போம். எவன் பொருட்டு உயிர் தாங்கினாரோ, அவனே தம் நெறியை விட்டு அயல் நெறியிற் புகுந்து அதற்குத் தலைவனும் ஆயினான். அவர் பள்ளியின் வாயிலிற் சென்று தம்பியோடு வாதாடினாரில்லை. உறவினரைக் கூட்டி முறையிட்டாரில்லை. தம்பியை வெறுத்து இனி எனக்குத் தம்பி இல்லை என்று கூறினாருமில்லை. கெடில நதிக் கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, அங்கே ஒரு மடத்தில் இருந்துகொண்டு, நாடோறும் விடியுமுன் எழுந்து திருவலகிட்டார், கோமயத்தினால் திருமெழுக்கிட்டார், மலர் கொய்து மாலை தொடுத்தார். அத்தொண்டினிடையே, தம்பியை அப்புறநெறியினின்றும் எடுத்தருளல் வேண்டும் என்று இறைவரிடத்திலே பலகாலும் விண்ணப்பம் செய்தார். சிவபெருமான் அவருக்குக் கனவிலே தோன்றி, மனக்கவலையை ஒழிக என்றும், தம்பி முன்னமே தம்மை அடையத் தவம் முயன்றவன் என்றும், சூலை நோய் தந்து அவனை ஆட்கொள்வோம் என்றும் அருளினார்.

அவ்வாறே தருமசேனருடைய வயிற்றிலே கொடிய சூலை பற்றியது. உடனிருந்த சமணர் தாம் கற்ற மந்திரங்களை யெல்லாம் செபித்தனர். குண்டிகை நீரை மந்திரித்துக் குடிப்பித்தனர். மயிற்பீலி கொண்டு தடவினர். நோய் மேன்மேலும் வளர்ந்ததன்றித் தணியவில்லை. முடிவில், இது எம்மால் தீர்க்கலாகாது என்று கைவிட்டு அகன்றனர். நூல்களும் பட்டமும் தலைமையும் அந்நேரத்தில் அவருக்குத் துணையாகவில்லை. அப்பொழுது அவருக்குத் தமக்கையாருடைய நினைவு வந்தது.

நிந்தித்தவரையும் வாதாடியவரையும் ஒருவன் தன் துன்பக் காலத்தில் நாடுவானல்லன். பல ஆண்டு பிரிந்திருந்தும், மாறான நெறியில் நின்றும், அந்நோயின் நடுவிலே இவரிடம் போகலாம் என்று அவர் எண்ணத் தக்கவராய்த் திலகவதியார் ஒழுகி வந்தார். அவ்வெண்ணம் தோன்றுதற்கு இடம் வைத்ததே அம்மையார் செய்த பெருந்தொண்டு என்று நாம் கருதுகின்றோம்.

மருணீக்கியார் தம் சமையற்காரனைத் திருவதிகைக்கு அனுப்பினார். அவன் நந்தவனத்தின் பக்கத்திலே அம்மையாரைக் கண்டு, தம்பியார் சூலையினால் வருந்துவதையும், எல்லோரும் கைவிட்டமையையும், உய்யும் வழி கேட்டு இரவிலே வந்து சொல்லும்படி தன்னை விடுத்தமையையும் கூறினான். அதற்கு அம்மையார், தாம் அச்சமணர் பள்ளிக்கு வருதல் இல்லை என்று சொல்லி அவனை அனுப்பினார்.

இவ்விடையைக் கேட்கும் பிள்ளைகள் சிலர், தம்பி சாகும் நிலையில் இருக்கும்போது தமக்கை வரமறுத்தல் கொடுமை அன்றோ என்று வினாவுதல் உண்டு. அவ்வினாவை அடக்குதல் கூடாது. அது அன்பினின்று பிறந்த வினா. அதற்கு நாம் சொல்லும் விடை இது. அம்மையார் தம்பியை மறுத்தாரல்லர், அவ்விடத்தையே மறுத்தார். அங்குச் சென்று மருந்து செய்திருப்பாராயின், தருமசேனர் நோய் தீர்ந்து தருமசேனராகவே இருந்திருப்பார். நோய் இறைவர் அருளால் வந்தது என்பதையும் அவர் அறிவார். தம்பி படும் வேதனையை அறிந்தும், ஓடிச்செல்லத் துடிக்கும் கால்களை அடக்கி நின்றமை அவர் செய்த தவங்களுள் எல்லாம் அரிய தவம். தம் நெறியில் ஓரணுவும் தளராமையும், தம் வாயிலை ஒருநாளும் அடையாமையும் ஆகிய இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்திருத்தல் அரிது. ஒன்றுமட்டும் உடையார் நம்மிற் பலர். தளராதார் கதவை அடைத்துவிடுகின்றனர். அடையாதார் தம் நெறியையே விட்டுவிடுகின்றனர்.

சமையற்காரன் கொணர்ந்த செய்தியைக் கேட்ட மருணீக்கியார் சோர்வுற்றாராயினும் கோபம் கொள்ளவில்லை. தாமே செல்வது என்று துணிந்தார். உடுத்த பாயை நீக்கினார், உறியையும் குண்டிகையையும் ஒழித்தார், பீலியை விட்டார், வெள்ளாடை உடுத்தார். கைகொடுப்பார்மேல் ஊன்றிக்கொண்டு, ஒருவரும் அறியாவண்ணம், இரவிலே வழிநடந்து திருவதிகையை அடைந்தார். மடத்தின் வாயிலிலே தமக்கையாரைக் கண்டு பாதங்களில் விழுந்து, தம் குலம் செய்த தவமே அவர் வடிவாய் நின்றது என்று போற்றி, தாம் கரையேறும் வழியைத் தெரிவித்தருளும்படி வேண்டினார். இளமையில் தமக்கையாருடைய உயிரை இரந்து எப்பாதங்களில் விழுந்தாரோ, அப்பாதங்களிலேயே இப்பொழுது தம்முயிரை இரந்து விழுந்தார். தாம் போனமைக்குக் காரணம் கூறினாரில்லை. தமக்கையார் வாராமையைக் குறை கூறினாருமில்லை.

அம்மையாரும், நான் அன்றே சொன்னேன் என்று தொடங்கினாரில்லை. எத்தனை ஆண்டு எங்களை மறந்தாய் என்று கேட்டாரில்லை. இறைவருடைய கருணையை நினைந்து கைதொழுது, தம்பியை எழுந்திருக்கச் செய்து, இது சிவபெருமானுடைய திருவருள் என்றும், அவரைப் பணிந்து பணிசெய்க என்றும் கூறினார். திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். அதனைப் பெருவாழ்வு வந்தது என்று ஏற்று மருணீக்கியார் மேனி முழுவதும் அணிந்தார். திருப்பள்ளியெழுச்சி வேளையிலே, அம்மையார் நாடோறும் போலவே திருவலகும் தோண்டியும் கோமயமும் எடுத்துக்கொண்டு திருக்கோயிலுக்குப் புறப்பட்டார். தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். மீண்டு வந்தவருக்கென்று தனியே ஒரு விசாரணையோ சடங்கோ வைத்தாரில்லை. தாம் அன்றாடம் செய்யும் தொண்டிலே பங்கு கொடுத்தார். அங்கே வீரட்டானேசுவரர் திருமுன் மருணீக்கியார் முதற்பதிகம் பாடினார், சூலை நீங்கியது, திருநாவுக்கரசு என்னும் திருநாமம் இறைவராலே வழங்கப்பட்டது.

அதன்பின் சமணர் முறையிட, பல்லவ அரசன் செய்த துன்பங்களையும், நாயனார் அவற்றினின்று உய்ந்து திருப்பாதிரிப்புலியூரிலேயே கரையேறியமையையும் யாவரும் அறிவர். அவ்வரசனை, ஏறக்குறைய கி.பி. 600 முதல் 630 வரை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் என்று சரித்திர ஆராய்ச்சியாளர் கொள்வர். அவனும் பின்பு சைவனாகி, பாடலிபுத்திரத்துப் பள்ளியை இடித்துத் திருவதிகையிலே குணபரவீச்சரம் எடுத்தான் என்று புராணம் கூறும். அது அரசன் செயல். நாயனார் கையில் எடுத்தது உழவாரம் ஒன்றே. அவர் தலந்தோறும் சென்று புல்லைச் செதுக்கித் தொண்டு செய்தார். தமக்கையாரிடத்துக் கண்ட திருவலகின் வழியிலே வந்தது அவ்வுழவாரம் என்று நாம் எண்ணுதல் தவறாகாது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. நாயனார் தாம் சமணரோடு இருந்த காலத்தை மறைத்தாரில்லை. 4ஆம், 5ஆம், 6ஆம் திருமுறைகளாகிய தம் தேவாரத்திலே பல இடங்களில் அதனைத் தாமே எடுத்துச் சொல்லி இரங்குகின்றார். ஆயினும், அவ்விரக்கம் அவரைச் செயலற்றவராக்கவில்லை. 81 ஆண்டு வாழ்ந்து, திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரால் அப்பரே என்று அழைக்கப்பெற்று, திருப்புகலூரிலே சித்திரைச் சதயத்திற் சிவபதம் அடைந்தார். வழிதவறிப் போனவர் என்று உலகம் எண்ணிய ஒருவர், சைவ உலகம் முழுவதற்கும் தந்தை என்னும் பெயர் பெற்றார். திலகவதியாரோ அறுபத்துமூவருள் எண்ணப்பட்டாரல்லர். அவருக்குத் தனிப் புராணமும் இல்லை. தம்பியின் புராணத்திற்குள்ளேயே அவர் புராணமும் அடங்கிற்று.

நம் யாழ்ப்பாணத்திலும் இத்தகைய வீடுகள் இருந்தன. 1823 முதல் 1855 வரை நடந்த வட்டுக்கோட்டைச் செமினறி முதலிய பாடசாலைகளிற் கற்றுப் புறச்சமயம் புகுந்தாரும், புகுந்து பின் மீண்டாரும் 19ஆம் நூற்றாண்டிலே பலர். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தது, பிள்ளைகள் தம் சமயத்தை அறியாமலே அதனை விட்டுப்போகும் குறையை நீக்குதற்கேயாம். அறியாமையால் போகாதபடி காத்தல் பாடசாலையின் கடன். போனவர் மீளும்போது ஏற்றல் வீட்டின் கடன். இவ்விரண்டில் முன்னதை நாம் பேசிய அளவு பின்னதைப் பேசினோமில்லை.

ஆகலின், சைவாசிரியர்களே, இப்புராணத்தைக் கற்பிக்கும்போது நீற்றறைக்கு விரையாதீர்கள். திருவதிகை மடத்து வாயிலிலே சிறிது நேரம் பிள்ளைகளை நிறுத்துங்கள். உங்கள் வகுப்பிலிருக்கும் பிள்ளைகளுள், தமையனோ தமக்கையோ வேறு நெறிக்குச் சென்றுவிட்டமையால் வீட்டிலே அவர் பெயரையே சொல்லாதிருக்கும் பிள்ளை ஒன்று இருத்தல் கூடும். அப்பிள்ளை தன் வீட்டுக்குச் சென்று தாய் தந்தையர்க்குத் திலகவதியம்மையாருடைய கதையைச் சொல்லுமாயின், அன்று நீங்கள் நடத்திய பாடம் பயன்பட்டதாகும்.

சிவமயம்.