பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஹிரோஷிமாவுக்குப் போன கமரா: கென் டொமோன்

1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோஷிமா மீது அணுகுண்டு வீசப்பட்டது. ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் கென் டொமோன் அந்த நகரத்தின் காயங்களைப் பதிவுசெய்யக் கமராவுடன் சென்றது 1957 யூலையில்தான். இடையில் 12 ஆண்டுகள் ஓடிவிட்டன. இடிபாடுகள் அகற்றப்பட்டு, நினைவுப் பூங்காவும் அருங்காட்சியகமும் கட்டி முடிக்கப்பட்டிருந்தன. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஹிரோஷிமா மீண்டெழுந்த ஒரு நகரம். அந்தத் தோற்றத்துக்குப் பின்னால் போர் இன்னும் மனித உடல்களில் நடந்துகொண்டிருந்ததை டொமோன் கண்டார். அவரது வாழ்க்கையையும் ஜப்பானியப் புகைப்படக்கலையின் போக்கையும் மாற்றிய பயணம் அது.

டொமோன் 1909 ஒக்டோபர் 25ஆம் திகதி ஜப்பானின் வடபகுதியில் உள்ள சகாட்டா என்ற துறைமுக நகரில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் டோக்கியோவுக்கு இடம்பெயர்ந்தது. ஓவியராக வேண்டும் என்பதே அவரது ஆசை. வறுமை அதற்கு இடம் தரவில்லை. 1933இல் டோக்கியோவில் ஒரு புகைப்பட நிலையத்தில் பயிலுநராகச் சேர்ந்தார். 1935இல் யோனொசுகே நத்தோரி நடத்திய நிப்பொன் கோபோ நிறுவனத்தில் இணைந்தார். ஜப்பானை வெளிநாட்டவர்களுக்கு அறிமுகப்படுத்தும் ‘நிப்பொன்’ என்ற சஞ்சிகையை வெளியிட்ட நிறுவனம் அது.

இந்தக் காலப்பகுதியை அவரது வாழ்க்கையிலிருந்து மறைத்துவிட முடியாது. சீனாவில் ஜப்பான் நடத்திய போர் விரிவடைந்த நாட்களில், கடற்படைப் பயிலுநர்களின் பயிற்சி, களத்துக்குப் புறப்படும் தாதியரின் அணிவகுப்பு போன்ற காட்சிகளை அவர் படமாக்கினார். நேர்த்தியான அந்தப் படங்கள் அரசின் பிரசாரத்துக்குப் பயன்பட்டன. போர் உக்கிரமடைந்தபோது அவரது கவனம் வேறு பக்கம் திரும்பியது. நாரா பகுதியிலுள்ள முரோ-ஜி பௌத்த ஆலயத்தின் சிலைகளையும், பொம்மலாட்டக் கலையான புன்ராக்குவையும் பொறுமையாகப் படமெடுக்கத் தொடங்கினார்.

போர் முடிந்தபின் அவர் தெருவுக்கு வந்தார். 1950இலிருந்து ‘கமரா’ என்ற சஞ்சிகையின் மாதாந்தப் போட்டிக்கு நடுவராக இருந்து, நாடெங்கும் இருந்த இளம் புகைப்படக்காரர்களுக்கு யதார்த்தவாதத்தை வலியுறுத்தினார். காட்சியைச் சோடிக்கக் கூடாது. யாரையும் நிற்கவைத்து நடிக்கச் சொல்லக் கூடாது. கமராவுக்கும் எதிரே இருக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் வேறெதுவும் வரக் கூடாது என்பதே அவரது கொள்கை. பிற்காலத்தில் பெரும் புகழ்பெற்ற ஷோமெய் தோமட்சு, கிகுஜி கவாடா போன்றவர்களும் அந்தப் போட்டிக்குப் படங்களை அனுப்பியவர்களே.

ஆனால், ஒரு சிக்கல் எழுந்தது. யதார்த்தம் என்ற பெயரில் பிச்சைக்காரர்கள், அநாதைச் சிறுவர்கள் ஆகியோரின் படங்கள் சஞ்சிகையில் வந்து குவிந்தன. ஏழ்மையைப் படமெடுப்பதே ஒரு மோஸ்தராகிவிட்டது என்று விமர்சகர்கள் கேலி செய்தார்கள். துன்பப்படும் ஒருவரின் முன்னால் கமராவுடன் நிற்பவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற கேள்வி அந்தக் கேலிக்குள் இருந்தது. டொமோனால் அதைக் கடந்துபோக முடியவில்லை. ஹிரோஷிமாவில் அதை நேருக்கு நேர் சந்தித்தார்.

அவர் போகும்வரை ஹிரோஷிமா பற்றி மௌனம் நிலவியதற்குக் காரணங்கள் இருந்தன. 1952 வரை நீடித்த அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தில் அணுகுண்டின் விளைவுகளைக் காட்டும் படங்கள் தணிக்கை செய்யப்பட்டன. 1954இல் பிகினித் தீவருகே நடந்த அமெரிக்க ஐதரசன் குண்டுச் சோதனையில் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் 23 பேர் கதிர்வீச்சுக்கு உள்ளான பின்னரே நாடு தழுவிய எதிர்ப்பு எழுந்தது. உயிர்தப்பியவர்களின் மருத்துவத்துக்கென அரசு கொண்டுவந்த சட்டம் நடைமுறைக்கு வந்தது 1957 ஏப்ரலில். அதுவரை தழும்புகளை மறைத்தபடி, வேலையும் திருமணமும் மறுக்கப்பட்டவர்களாக அவர்கள் வாழ்ந்தார்கள்.

டொமோன் மீண்டும் மீண்டும் ஹிரோஷிமாவுக்குச் சென்றார். 7,000க்கும் அதிகமான படங்களை எடுத்தார். அணுகுண்டு வைத்தியசாலையில், தொடையிலிருந்து எடுத்த தோலை முகத்தில் பொருத்தும் சத்திரசிகிச்சையை மிக அருகிலிருந்து பதிவுசெய்தார். பார்க்கக் கடினமான படங்கள் அவை. அவற்றோடு அவர் நின்றுவிடவில்லை. பார்வையிழந்த சிறுமிகள் விளையாடுவதையும், உயிர்தப்பிய இருவர் மணமுடித்துத் தம் குழந்தையைக் கொஞ்சுவதையும் எடுத்தார். 1958இல் ‘ஹிரோஷிமா’ என்ற நூல் வெளியானது. இறந்தவர்களை நினைவுகூர்வதோடு நில்லாமல், உயிரோடிருப்பவர்களின் போராட்டத்தை முன்னால் வைத்ததற்காக எழுத்தாளர் கென்சபுரோ ஓயே அதைப் பெரிதும் மதித்தார்.

1959 இறுதியில் கியூஷூ தீவின் சிக்குஹோ நிலக்கரிப் பகுதிக்குப் போனார். எரிபொருள் தேவை எண்ணெய்க்கு மாறியதால் சுரங்கங்கள் மூடப்பட்டு, தொழிலாளர் குடும்பங்கள் பட்டினியில் கிடந்தன. மதிய உணவு வேளையில், கொண்டுவர எதுவுமில்லாத பிள்ளைகள் வகுப்பறையில் புத்தகத்தை விரித்து முகத்தை மறைத்திருக்கும் படம் அங்கே எடுக்கப்பட்டது. ‘சிக்குஹோவின் பிள்ளைகள்’ 1960இல் மலிவான தாளில் அச்சிடப்பட்டு 100 யென்னுக்கு விற்கப்பட்டது. சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் அது இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நூல் பெருமளவில் விற்பனையானது. அதில் இடம்பெற்ற சிறுமிகள் இருவரின் தந்தை பின்னர் இறந்துபோனார். டொமோன் அவர்களை விட்டுவிடாமல் அதே ஆண்டில் இரண்டாவது நூலையும் வெளியிட்டார்.

அந்தக் கடும் உழைப்பைத் தொடர்ந்து பாரிசவாதம் அவரைத் தாக்கியது. சிறிய கமராவைக் கையில் ஏந்தித் தெருவில் அலைய இனி முடியாது. முக்காலியில் பொருத்திய பெரிய கமராவுடன் பழைய ஆலயங்களுக்குத் திரும்பினார். 1968இல் இரண்டாவது தாக்குதலுக்குப் பின் சக்கர நாற்காலியில் இருந்தபடி, உதவியாளர்களின் துணையுடன் தொடர்ந்தார். 1963இல் தொடங்கிய ‘பழைய ஆலயங்களுக்கான யாத்திரை’ ஐந்து தொகுதிகளாக 1975இல் நிறைவடைந்தது. முரோ-ஜியைப் பனி மூடியிருக்கும் காட்சிக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்து, 1978இல் அதை எடுத்தார். 1979இல் மூன்றாவது தாக்குதலில் நினைவிழந்தார். 11 ஆண்டுகள் அந்த நிலையிலேயே இருந்து, 1990 செப்டெம்பர் 15ஆம் திகதி காலமானார்.

தன் படைப்புகள் அனைத்தையும் அவர் சகாட்டா நகருக்கே கொடுத்தார். அவற்றுக்காக 1983இல் அங்கே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2016இல் உரோம் நகரில் நடந்த பெரிய மீள்பார்வைக் கண்காட்சியும் அதையொட்டி வெளிவந்த நூலும் அவரை ஜப்பானுக்கு வெளியே பலருக்கு அறிமுகம் செய்தன. ஒருவரின் வாழ்நாள் படங்களை ஒரே தொகுப்பாகப் பார்க்கும்போது எதையும் தனியே பிரித்தெடுக்க முடிவதில்லை. போருக்குப் புறப்படும் தாதியரை அழகாகக் காட்டிய அதே கண்தான், இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் போர் விட்டுச்சென்ற தழும்புகளையும் பார்த்தது. முதலாவதை அறிந்தவர்களுக்கே இரண்டாவதன் கனம் புரியும்.

ஹிரோஷிமாவை அவர் ஒரு நூலோடு முடித்துக்கொள்ளவில்லை. பாதி உடல் செயலிழந்திருந்த நிலையில், 1978இல் அந்நகரத்தைப் பற்றி மீண்டும் ஒரு நூலை வெளியிட்டார். குண்டு விழுந்து 33 ஆண்டுகள் கடந்திருந்தன. அதற்கு அவர் வைத்த பெயர் ‘வாழும் ஹிரோஷிமா’.