வில்வண்டியும் தரிசு வயலும்: அய்யன்காளியின் வாழ்க்கை தரும் விடை

1893ஆம் ஆண்டு, திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வெங்ஙானூரில், முப்பது வயதுப் புலையர் ஒருவர் வில்வண்டி ஒன்றை விலைக்கு வாங்கினார். இரண்டு வெள்ளைக் காளைகளைப் பூட்டி, அவற்றின் கழுத்தில் மணி கட்டினார். வெள்ளை வேட்டி உடுத்தி, மேல்துண்டு போர்த்தி, தலைப்பாகை அணிந்து பொதுச்சாலையில் வண்டியைச் செலுத்தினார். வண்டி, உடை, சாலை ஆகிய மூன்றும் அவர் பிறந்த சாதிக்கு மறுக்கப்பட்டவை. தடுக்க வந்த ஆதிக்க சாதியினரை எதிர்த்து நின்றே அவர் பயணத்தைத் தொடர்ந்தார். அவர்தான் அய்யன்காளி.

ஆதிக்கத்தின் அடையாளங்களைக் கைப்பற்றி அவற்றின் பொருளைக் கலைக்கும் இத்தகைய செயலை இன்றைய கல்விப்புலம் எதிர்ப்பண்பாடு என்றும் ‘கல்ச்சர் ஜாமிங்’ என்றும் அழைக்கிறது. இரண்டாவது சொல் 1980களில் அமெரிக்காவில் பிறந்தது. பெருநிறுவனங்களின் விளம்பரங்களைத் திருத்தி, அவற்றையே அந்நிறுவனங்களுக்கு எதிராகப் பேசவைத்த கலைஞர்களின் வேலையை அது குறித்தது. இவற்றால் சமூகம் மாறுமா, அல்லது இவை ஒருநாள் காட்சியாகக் கரைந்துபோகுமா என்ற வினா மாணவர் அரங்குகளில் அடிக்கடி எழுகிறது. அச்சொல் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அய்யன்காளியின் வாழ்க்கை அவ்வினாவுக்கு விடை தந்துவிட்டது. சின்னத்தை மீறிய செயல் அச்சத்தை உடைத்தது. உழைப்பை நிறுத்தும் வலிமை கொண்ட ஓர் அமைப்பு அதன் பின்னால் திரண்டபோதே உரிமை கைக்கு வரத் தொடங்கியது.

ஆணை இருந்தது, சாலை இல்லை

இன்றைய குமரி மாவட்டத்தையும் உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எட்டாண்டுகள் கழித்து, 1863 ஆகஸ்ட் 28 அன்று அய்யன்காளி பிறந்தார். அவருக்கு இரண்டு வயதானபோது, பொதுச்சாலைகள் அனைத்து வகுப்பினருக்கும் உரியவை என்று அரசு அறிவித்தது. 1884இல் அதே கொள்கை மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. ஆனால் சமஸ்தான உயர்நீதிமன்றம் ராஜவீதி வேறு, கிராமவீதி வேறு எனப் பிரித்துப் பொருள் கொண்டு, ஊர்ச்சாலைகளில் தீண்டாமைக்கு இடமளித்தது. அடிமை முறை ஏட்டில் முடிந்துவிட்டது. வயலிலும் தெருவிலும் அது தொடர்ந்தது.

எனவே வில்வண்டிப் பயணம் சட்டத்தை மீறிய செயலன்று. அரசு எழுதிவிட்டு நிறைவேற்றத் துணியாத ஆணையை ஒரு குடிமகன் தானே நிறைவேற்றிய செயல் அது. அதில் கேலியோ நையாண்டியோ இல்லை. வண்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்காகவே அவர் அதைப் பயன்படுத்தினார். பிறருக்கு மறுக்கப்பட்டிருக்கும்வரைதான் ஒரு பொருள் சாதிப்பெருமையின் அடையாளமாக இருக்க முடியும். புலையர் ஒருவர் ஏறி அமர்ந்ததும் வில்வண்டி வெறும் வண்டியானது.

இதற்கு ஒரு பொருளாதார அடிப்படையும் உண்டு. அய்யன்காளியின் தந்தைக்கு நிலவுடைமையாளர் ஒருவர் வழியாகச் சிறிதளவு நிலம் கிடைத்திருந்தது. அன்றைய புலையர் குடும்பங்களில் இது மிக அரிது. வண்டி வாங்கும் வசதியும், நாளைய சோற்றுக்கு எவரையும் அண்டி நிற்கத் தேவையில்லாத நிலையும் அதனால் வாய்த்தன. தற்காப்புக் கலை பயின்ற இளைஞர் குழு ஒன்றும் அவருடன் இருந்தது. பின்னர் அவர் தலைமையில் மக்கள் கூட்டமாகச் சந்தைக்கு நடந்து சென்றபோது, பாலராமபுரம் சாலியர் தெருவில் மோதல் வெடித்து வேறு ஊர்களுக்கும் பரவியது. புலையர்கள் இம்முறை அடிவாங்கிக்கொண்டு திரும்பவில்லை.

பயிரற்ற வயல்கள்

சாலையைத் திறந்த துணிவால் பள்ளியைத் திறக்க இயலவில்லை. தம் சமூகக் குழந்தைகளுக்காக 1904இல் வெங்ஙானூரில் அவர் எழுப்பிய கூரைப் பள்ளி தீக்கிரையானது. 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். அவ்வாண்டு ஒடுக்கப்பட்ட குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க அரசு முடிவெடுத்தது. அலுவலர்களும் பள்ளி நிர்வாகங்களும் அதை முடக்கினர். 1910இல் அரசு மீண்டும் வலியுறுத்த வேண்டியிருந்தது.

அங்குதான் அய்யன்காளி போராட்டத்தின் களத்தை மாற்றினார். தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லை என்றால், தங்கள் கைகள் வயலில் இறங்கா என்று புலையர்கள் அறிவித்தனர். நெல் விளைந்த நிலத்தில் புல் மண்டியது. நிலவுடைமையாளர்கள் தாமே சேற்றில் இறங்கிப் பார்த்துத் தோற்றனர். பட்டினி நெருங்கியபோது, கடற்கரை மீனவர்களோடு பேசி, புலையர்களைப் படகுகளில் வேலைக்குச் சேர்க்க அய்யன்காளி ஏற்பாடு செய்தார். இறுதியில் மாஜிஸ்திரேட் ஒருவரின் நடுவத்தில் சமரசம் ஏற்பட்டது. கேரளத்தின் முதல் விவசாயத் தொழிலாளர் வேலைநிறுத்தமாக வரலாற்றாளர் பலர் கருதும் இப்போராட்டத்தின் முதன்மைக் கோரிக்கை கூலி உயர்வன்று, கல்வி.

அதன் பின்னரும் வன்முறை ஓயவில்லை. பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்று அமர்த்தியபோது, ஆதிக்க சாதியினர் அப்பள்ளியையே கொளுத்தினர். அதில் கருகிய பெஞ்சு ஒன்று இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது.

வில்வண்டியின் விலையைச் செலுத்தியது ஒரு குடும்பம். வேலைநிறுத்தத்தின் விலையை ஒரு சமூகமே பகிர்ந்து சுமந்தது. தடையை மீறலாம் என்பதை வண்டி கற்பிக்காமல் இருந்திருந்தால் வயலைத் தரிசாக்கும் துணிவு பிறந்திருக்காது. வயல் தரிசாகாமல் இருந்திருந்தால், வண்டி ஓர் ஊரின் பழங்கதையாக மிஞ்சியிருக்கும்.

கழற்றி எறிந்த கல்லுமாலை

புலையர் பெண்கள் கழுத்தில் கல்லுமாலை அணிய வேண்டும், மார்பை மறைக்கலாகாது என்பது சாதிவிதி. கல்லுமாலையைத் துறந்து ரவிக்கை அணியுமாறு சங்கம் அழைப்பு விடுத்தது. 1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் இதையொட்டிக் கலவரம் மூண்டு, குடிசைகள் எரிக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில், கொல்லத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் அய்யன்காளி கூட்டிய பெருங்கூட்டத்தில், பெண்கள் தங்கள் கல்லுமாலைகளை அறுத்து மேடைமுன் குவித்தனர். சாதியின் சின்னத்தை உடலில் சுமந்தவர்களே அதைக் கழற்றினர். அதற்கான தாக்குதலையும் அவர்களே முதலில் எதிர்கொண்டனர். இத்தகைய போராட்டங்களை ஆண் தலைவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளாக மட்டும் சுருக்கும்போது இவ்வுண்மை மறைந்துவிடுகிறது.

கலவரத்திற்குப் பின் வழக்குகள் வந்தன. பணம் இல்லாத மக்கள், வழக்குரைஞர் கட்டணத்துக்கு ஈடாக ஒரு குளத்தை வெட்டிக் கொடுத்தனர். கொல்லத்தின் கம்மான்குளம் அப்படி உருவானது. பண்பாட்டுப் போராட்டம் நீதிமன்றப் படியேறும் நாள் ஒன்று வரும் என்பதையும், அதற்கும் மக்கள் உழைப்பே துணை என்பதையும் வழக்குரைஞர்களாகிய நாங்கள் அக்குளத்திடமிருந்து கற்க வேண்டும்.

சபையும் சிலையும்

1911 இறுதியில் அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டார். எழுதப் படிக்கத் தெரியாத அவர், நிலம், பள்ளிச் சேர்க்கை, அரசுப் பணி ஆகியவற்றைச் சபையில் ஆண்டுதோறும் கேட்டார். அவரது முயற்சியால் 500 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது; குடும்பத்துக்கு ஓர் ஏக்கராக அது பகிரப்பட்டது. 1936இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. 1937 ஜனவரியில் காந்தி வெங்ஙானூருக்கு வந்தபோது அய்யன்காளி வெளியிட்ட விருப்பம் கோயிலைப் பற்றியதன்று. தம் சமூகத்தில் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெறுவதைக் காண வேண்டும் என்பதே. 1941 ஜூன் 18 அன்று அவர் மறைந்தார்.

1980இல் திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது. பிரஜா சபை கூடிய விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலுக்கு 2019இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. இவை போராடிப் பெற்ற மதிப்புகளே. ஆனால் 1970இல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தத்தில் குத்தகையாளர்களுக்கு விளைநிலமும், வயலில் உழைத்த தலித்துகளில் பெரும்பாலோருக்குக் குடிசை நின்ற சில சென்ட் மண்ணும் மட்டுமே கிடைத்தன. வில்வண்டியைச் சிலையாக்க அரசுகளால் முடிகிறது; தரிசு வயல் எழுப்பிய கேள்வியைத் தொட அவை தயங்குகின்றன.

எதிர்ப்பண்பாட்டுச் செயல்களைத் திட்டமிடும் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் அய்யன்காளியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இதுவே. நாம் உடைக்கப்போகும் சின்னம் யாருடைய வருவாயையும் அதிகாரத்தையும் காக்கிறது? உடைத்த மறுநாள் வேலை இழப்பவர்கள் யார்? அவர்கள் வீட்டு அடுப்பு எரிய எந்தப் படகில் இடம் பிடித்து வைத்திருக்கிறோம்? எந்த ஆணையைக் கையில் வாங்கும்வரை வயலுக்குத் திரும்புவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம்? இவற்றுக்கு விடை தேடிக்கொண்டே வண்டியில் காளைகளைப் பூட்டுவோம்.