மத சுதந்திரமும் வெளியுறவும்: 1938ல் தாம்பரம் வந்த ஜான் மோட் யார்?

உலக நாடுகளில் மத சுதந்திரம் எப்படி இருக்கு என்று அமெரிக்க வெளியுறவுத்துறை வருஷாவருஷம் அறிக்கை விடும். இந்தியா அதை மறுக்கும். இந்த விவகாரத்தின் பழைய கதையில் நம்ம தாம்பரமும் வருகிறது.

1938 டிசம்பர். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு மாறி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அங்கே சுமார் 70 நாடுகளைச் சேர்ந்த 470 பேர் கூடினார்கள். சர்வதேச மிஷனரி கவுன்சில் மாநாடு. சீனாவில் நடத்தத்தான் திட்டம். ஜப்பான் படையெடுத்ததால் இடம் மாறியது. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே சீனர்களும் ஜப்பானியர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்தார்கள். தலைமை வகித்தவர் 73 வயது ஜான் மோட்.

1865ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, அயோவாவில் வளர்ந்தவர். பாதிரியார் கிடையாது. ஒய்.எம்.சி.ஏ.வுக்காகவும் மாணவர் இயக்கங்களுக்காகவும் கப்பலிலும் ரயிலிலும் உலகம் சுற்றியவர். அதிபர் வில்சன் சீனாவுக்குத் தூதராகப் போகச் சொன்னபோது மறுத்துவிட்டார்.

ஆனால் 1917ல் சறுக்கினார் என்றே சொல்லணும். ரஷ்யாவைப் போரில் நீடிக்க வைக்க அமெரிக்கா அனுப்பிய ரூட் தூதுக்குழுவில் சேர்ந்தார். எல்லா நாட்டுக்கும் பொதுவானவர் என நம்பியிருந்த ஜெர்மன் மிஷனரி தலைவர்கள் கொதித்துப் போனார்கள். அந்தக் கசப்பு போருக்குப் பிறகும் பல வருஷம் நீடித்தது.

இந்தியாவிலும் எதிர்ப்பைச் சந்தித்தார். 1936ல் சேகாவ்ன் கிராமத்தில் காந்தியைப் பார்த்தார். தாழ்த்தப்பட்ட மக்களை மதம் மாற்றும் முயற்சியைக் காந்தி ஏற்கவில்லை. மோட்டும் தன் நிலையை விடவில்லை. ஆனாலும் 1938ல் திரும்பவும் போய்ச் சந்தித்தார்.

தாம்பரம் மாநாட்டில் அரசும் திருச்சபையும் பற்றித் தனியாகவே விவாதம் நடந்தது. கூடி வழிபடுவது, கற்பிப்பது, புத்தகம் வெளியிடுவது, சொத்து வைத்திருப்பது என அரசுகளிடம் கேட்க வேண்டிய உரிமைகளை எழுதி வைத்தார்கள்.

1946ல் மோட்டுக்கு அமைதிக்கான நோபல் பரிசு, எமிலி பால்ச்சுடன் பகிர்ந்து கிடைத்தது. அதே வருஷம் மிஷனரி கவுன்சிலும், உருவாகிக்கொண்டிருந்த உலகத் திருச்சபைகள் மன்றமும் சேர்ந்து சர்வதேச விவகாரங்களுக்கு ஒரு ஆணையம் தொடங்கின. அதன் இயக்குநர் பிரெடெரிக் நோல்டே ஐ.நா. வாசலிலேயே நின்று மத சுதந்திரத்துக்காக வாதாடினார்.

1948 டிசம்பர் 10ல் மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையும் 18வது பிரிவில் இருந்தது. அதை எதிர்த்த சவுதி அரேபியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது.

மோட் 1955 ஜனவரியில், 89 வயதில் புளோரிடாவில் காலமானார்.