பொய்யைக் கணக்கெடுத்த பெண்

கொலை செய்யக் கத்தி போதும். அந்தக் கொலையை நியாயம் என்று நாடு நம்பவேண்டுமானால் பேனா வேண்டும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அத்தகைய பேனாக்களை எதிர்த்து நின்ற வீராங்கனை ஐடா பி. வெல்ஸ் அம்மையார்.

1862-ல், மிசிசிப்பி மாநிலத்தில், அடிமைகளின் மகளாகப் பிறந்தார். பதினாறு வயதில் மஞ்சள் காய்ச்சல் தாயையும் தந்தையையும் கொண்டுபோயிற்று. தம்பி தங்கையரைக் காப்பாற்ற ஆசிரியை வேலைக்குச் சென்றார். பின்னர் மெம்பிஸ் நகரில் ஓர் ஏட்டின் பங்குதாரராகவும் ஆசிரியராகவும் உயர்ந்தார்.

1892 மார்ச்சில் அந்நகரில் மளிகைக் கடை நடத்திய கறுப்பினத்தார் மூவரைச் சிறையிலிருந்து இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது ஒரு கும்பல். அவர்களுள் தாமஸ் மாஸ் என்ற தபால்காரர் அம்மையாரின் நண்பர். பகைக்கு வேர் எது? அவர்கள் கடை, பக்கத்திலிருந்த வெள்ளையர் கடையின் வியாபாரத்துக்குப் போட்டியாயிற்று! வெள்ளையர் ஏடுகளோ, அது குடியும் சூதும் நடக்கும் இடம் என்று எழுதின.

அம்மையார் எழுதினார்: இந்த ஊரை விட்டு வெளியேறுங்கள் என்று. மக்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறினர். இருந்தவர்கள் டிராம் வண்டியில் ஏற மறுத்தனர். கம்பெனிக்காரர்கள் கலங்கினர்!

கும்பல் கொலைகளெல்லாம் பெண்களின் மானம் காக்கவே நடப்பதாகத் தென்னாட்டு ஏடுகள் முழங்கின. அம்மையார் கணக்கை எடுத்தார். எட்டாண்டுகளில் கொல்லப்பட்டோர் 728 பேர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் அந்தக் குற்றம் சாட்டப்படவாவது செய்தது. மறுக்க முடியுமா? முடியாது. அந்தக் கணக்கே வெள்ளையர் திரட்டி வைத்தது!

அவர் எழுத்தைப் பொறுக்கமுடியாதவர்கள் 1892 மே மாதத்தில், அவர் ஊரில் இல்லாதபோது, ஏட்டின் அலுவலகத்தைச் சூறையாடினர். திரும்பி வந்தால் உயிர் போகும் என்று மிரட்டினர். அவர் அஞ்சவில்லை. நியூயார்க்கிலிருந்து எழுதினார், இங்கிலாந்து சென்று முழங்கினார். 1931-ல் சிகாகோவில் மறைந்தார்.

புலிட்சர் சிறப்புப் பாராட்டு அவருக்குக் கிடைத்தது 2020-ல். கும்பல் கொலையைத் தனிக் குற்றமாக்கும் மத்தியச் சட்டம் அமெரிக்காவில் வந்தது 2022-ல். பொய் ஒரே இரவில் ஊரைச் சுற்றியது. நீதி வர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று!

தோழர்களே! பொய்யை இன்னொரு பொய்யால் வெல்லலாம் என்று நாம் நினைக்கவேண்டாம். நமக்கு இனிக்கும் செய்தியையும் உரைத்துப் பார்ப்போம். அம்மையார் ஏந்திய ஆயுதம் ஒன்றே ஒன்று: எதிரியும் மறுக்கமுடியாத உண்மை.